வீட்டில் கேட்டுவிட்டு வா

பள்ளிக்கூடத்தில் அவருக்கு 'ஆப்பிரிக்கா டீச்சர்' என்று பெயர். ஆப்பிரிக்காவை அவர் கண்ணால் பார்த்ததில்லை. விமானத்தில் ஏறியதே தங்கை கல்யாணத்துக்காக ஒரே ஒரு முறைதான், அதிலும் வழியெல்லாம் காது அடைத்துக்கொண்டு உயிர் போனது. சரித்திரம் எடுப்பவர். பாடப்புத்தகத்தின் கடைசியில், போனால் போகிறதென்று ஒட்டவைத்த மாதிரி, நாலே பக்கத்தில் 'நவீன ஆப்பிரிக்காவில் இன மோதல்கள்' என்று ஒரு பாடம் உண்டு. மற்ற பள்ளிகளில் 'நீங்களே படித்துக்கொள்ளுங்கள்' என்று கைகழுவிவிடுவார்கள். பரீட்சையில் பெரும்பாலும் வராது, வந்தாலும் இரண்டு மார்க்கைத் தாண்டாது. நம் டீச்சர் அந்த நாலு பக்கத்துக்கு மூன்று வாரம் எடுத்துக்கொள்வார். நெப்போலியனை இரண்டே வகுப்பில் தீவுக்கு அனுப்பிவிட்டு ருவாண்டாவுக்கு வந்துவிடுவார்.

ஏன் இந்தப் பைத்தியம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அவருக்கும் சொந்தமாகத் தெரிந்த பதில் ஒன்றுதான். ருவாண்டாவில் அந்தப் படுகொலை நடந்த வருஷம் அவர் ஆசிரியப் பயிற்சிக்காக விடுதியில் இருந்தார். சாப்பாட்டுக் கூடத்தில் தொலைக்காட்சி ஓடும். செய்தியும் வந்திருக்கும், அவரும் தட்டோடு எதிரில் உட்கார்ந்திருப்பார். ஆனால் எதுவுமே ஞாபகமில்லை. பல வருஷம் கழித்து அதைப் பற்றி ஒரு புத்தகம் படித்தபோது, மலை மலையாக மனிதர்கள் செத்த அந்த மூன்று மாதத்தில் தாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்துப் பார்த்தார். அறைத்தோழி தொலைத்துவிட்ட ஒரு குடைக்காக அவளோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தது மட்டும்தான் நினைவுக்கு வந்தது. அன்றைக்குப் பிடித்த பிடிதான், பிறகு விடவில்லை.

இப்படி ஒரு பாடத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவரை யார் வீட்டுக்குக் கூப்பிடுவார்கள்? கல்யாணம் நடக்கவில்லை. ஏன் என்று கேட்டால் தெளிவாகச் சொல்லத் தெரியாது. தள்ளிப்போட்டார்கள், தள்ளிப்போயிற்று, பிறகு யாரும் பேச்செடுக்கவில்லை. சொந்தம் என்று சொல்லிக்கொள்ளத் தங்கை ஒருத்தி, வேறு ஊரில். வாரம் ஒரு தடவை போன் பண்ணுவாள். "என்னக்கா, இந்த வாரம் எத்தனை பேரைக் கொன்னே?" என்றுதான் ஆரம்பிப்பாள். பாசக்காரிதான், ஆனால் அவள் பையன் பிறந்தநாளில் நடந்ததை அவளால் மறக்க முடியவில்லை. விருந்துக்கு வந்த வங்கிக்காரர் ஒருவர், பேச்சுக்கு, "நீங்க என்ன பாடம் எடுக்கறீங்க?" என்று கேட்டுவிட்டார். பாவம், அவருக்கு என்ன தெரியும். டீச்சர் சொல்ல ஆரம்பித்தார். தேவாலயத்துக்குள் ஓடினால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நம்பி ஓடியவர்கள் அங்கேயே எப்படி அடைபட்டுச் செத்தார்கள் என்று வந்தபோது, கூடத்தில் ஒருவர் வாயிலும் கேக் இறங்கவில்லை. தங்கை அவரைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "அக்கா, குழந்தைக்குப் பிறந்தநாள்க்கா இன்னிக்கு." அதற்குப் பிறகும் தங்கை அழைப்பாள், "எப்ப வேணா வாயேன்க்கா" என்று. எப்போது வேண்டுமானாலும் என்றால் எப்போதும் இல்லை என்று புரிந்துகொள்ளாத அளவுக்கு டீச்சர் மக்கு இல்லை.

இரண்டாம் மாடியில் ஒரு அறையும் சமையலறையும் அவர் குடியிருப்பு. மேஜைக்கு இரண்டு நாற்காலி. ஒன்றில் அவர் உட்காருவார், இன்னொன்றில் புத்தகங்கள் உட்கார்ந்திருக்கும். தனிமை என்றதும் ஜன்னலோரம் கண்ணீர் விட்டுக்கொண்டு நிற்பதாக நினைத்துக்கொள்கிறவர்கள் தனியாக இருந்தே பார்க்காதவர்கள். அதெல்லாம் ஒன்றும் கிடையாது. துணி துவைக்க வேண்டும், விடைத்தாள் திருத்த வேண்டும், பொழுது அதுபாட்டுக்குப் போகும். ஆனால் பால் பொங்கி வரும்போது, "இரு இரு, வரேன்" என்று பாலிடம் சொல்லுவாரே, பல நாள் சாயங்காலம் அவர் வாயிலிருந்து வருகிற பேச்சு அவ்வளவுதான். அது அவருக்கே தெரியும். தெரிந்துகொண்டே சொல்லுவார்.

வகுப்பில் மட்டும் ஆளே வேறு. படம் காட்ட மாட்டார். எலும்பும் மண்டை ஓடும் இருக்கிற படங்கள் எங்கும் கிடைக்கும்தான், ஆனால் செத்தவர்களைக் காட்டிப் பிள்ளைகளின் வாயைப் பிளக்கவைப்பது அவருக்குப் பிடிக்காது. நடித்துக் காட்டச் சொல்ல மாட்டார். முதல் நாள் புத்தகத்தை மூடிவைக்கச் சொல்லிவிட்டு, ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ஆரம்பிப்பார்.

"ஒரு வகுப்பு. ருவாண்டாவுல. உங்களை மாதிரியே பிள்ளைங்க. எல்லாரும் ஒரே பாஷை பேசறவங்க, ஒரே மலையில பக்கத்துப் பக்கத்து வீடு, கும்பிடற சாமியும் ஒண்ணுதான். டீச்சர் உள்ள வராங்க. அங்க ஹூட்டு, துட்சின்னு ரெண்டு இனம். ஹூட்டு எல்லாம் எழுந்திருங்கன்றாங்க. எண்ணிக்கறாங்க. உக்காருங்க. இப்போ துட்சி எழுந்திருங்க. சின்னப் பிள்ளைங்க சிலதுக்குத் தான் யாருன்னே தெரியாது. முழிக்குதுங்க. அதுங்ககிட்ட அந்த டீச்சர் என்ன சொல்வாங்க தெரியுமா? வீட்ல கேட்டுட்டு வா."

இந்த இடத்தில் ஒவ்வொரு வருஷமும் வகுப்பு சிரிக்கும். சுற்றுலாவுக்கு வருகிறாயா, கண் பரிசோதனைக்கு வருகிறாயா என்று எதற்கெடுத்தாலும் அவர்களும் கேட்கிற வார்த்தைதான் அது. சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருப்பார். பிறகு மெதுவாகப் பின்னால் போவார். வெளியிலிருந்து வந்து ஆண்டவர்கள் எப்படி ஆளுக்கொரு அடையாள அட்டை கொடுத்து, அதில் இனத்தை எழுதி, அப்பனுக்கு எழுதியதையே பிள்ளைக்கும் எழுதினார்கள் என்பார். பிறகு முன்னால் வருவார். வானொலி எப்படி நாள் முழுக்கப் பக்கத்து வீட்டுக்காரனைக் கரப்பான்பூச்சி என்று சொல்லிச் சொல்லி அது காதுக்குப் பழகிப்போயிற்று என்பார். கூரைப் பரணில் அண்டை வீட்டாரை ஒளித்துவைத்துக் காப்பாற்றியவர்களையும் சொல்லுவார், அவர்களை விட்டுவிட்டால் பாடம் பொய் என்பார். "ஹூட்டு துட்சியை வெட்டின கத்தி எப்ப வந்தது?" என்று கேட்பார். வானொலியில், கலவரத்தில் என்று ஆளுக்கொன்று சொல்லுவார்கள். "எழுந்திருங்கன்னாங்களே, அப்பவே வந்தாச்சு" என்பார்.

பரீட்சைத் தாளில் எவனாவது 'காலங்காலமாகப் பகை கொண்ட இரண்டு பழங்குடிகள்' என்று எழுதினால் போச்சு. சிவப்பு மையால் கோடு கிழித்து, 'காலங்காலமாக என்றால் எந்தத் தேதியிலிருந்து?' என்று ஓரத்தில் எழுதிவைப்பார்.

இப்படி இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது. அப்போதுதான் அந்தப் பெண் வந்து சேர்ந்தாள்.

சேதியைக் கொண்டுவந்தவர் கணக்கு வாத்தியார். அவர்தான் அந்த வகுப்பின் பொறுப்பாசிரியர். நல்ல மனுஷன், வாய் மட்டும் சும்மா இருக்காது. "டீச்சர், உங்க ஆளு ஒருத்தி வந்திருக்கா. ருவாண்டாவாம்" என்றார், ஏதோ டீச்சரின் சித்தப்பா மகள் வந்தது போல. பெண்ணுக்கு அப்பா இல்லை, நோயில் போய்விட்டார். மூன்று வயதில் அம்மா இடுப்பில் உட்கார்ந்துகொண்டு இந்த ஊருக்கு வந்தவள். அம்மாவுக்குச் சலவைக்கூடத்தில் வேலை.

வகுப்பில் எல்லாரையும் போலத்தான் இருந்தாள். பேனா மூடியைக் கடிப்பாள். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பாள். ஜன்னலோரத்து இடத்துக்காகப் பக்கத்துப் பெண்ணோடு மல்லுக்கட்டி, அதைப் பிடித்தும்விட்டாள். அம்மாவின் பாஷை தெரியுமா என்று டீச்சர் கேட்டதற்கு, "திட்டறது மட்டும் புரியும் டீச்சர்" என்றாள். அவளுக்கான பேருந்து தாமதமாகத்தான் வரும். அதுவரை ஆசிரியர் அறை வாசலில் நிற்பாள். ஒருநாள் டீச்சர், "உள்ள வந்து உக்காரேம்மா" என்றார். மறுநாள் சொல்லாமலே வந்து உட்கார்ந்தாள். ஃபிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தால் ஊதி ஊதிக் குடிப்பாள். வகுப்பில் யாருக்கு யாரைப் பிடிக்காது, அம்மா இரும்புப்பெட்டி மாதிரி எல்லாவற்றையும் எப்படிப் பூட்டிவைத்துக்கொள்கிறாள், மன்னர்கள் எல்லாருக்கும் ஏன் ஒரே பெயரை வைத்துத் தொலைத்தார்கள் என்று வாய் ஓயாமல் பேசுவாள். டீச்சர் கடைக்குப் போனால் பிஸ்கட் பொட்டலத்தைப் பெரியதாகப் பார்த்து வாங்க ஆரம்பித்தார். போனில் தங்கையிடம் அவளைப் பற்றியே பேசினார்.

"அக்கா, நீ உயிரோட இருக்கற ஒருத்தரைப் பத்திப் பேசறது இதான் முதல் தடவை" என்றாள் தங்கை.

டீச்சர் சிரித்துவிட்டார். பிறகு போனை வைத்தார். சந்தோஷமாக இருந்தது, அது பயமாகவும் இருந்தது.

பயத்துக்குக் காரணம் பாடம். அது நெருங்கிக்கொண்டிருந்தது. இவள் எதிரில் அதை எப்படி நடத்துவது? இவள் வீட்டார் கொல்லப்பட்டவர்கள் என்றால் ஒவ்வொரு வாக்கியமும் இவள் மேல்தான் விழும். கொன்றவர்கள் பக்கம் என்றால், வகுப்பு முழுக்க இவளைத் திரும்பிப் பார்க்கும்போது இவள் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வாள்? எந்தப் பக்கம் என்று தெரிந்தால் அதற்கேற்ற மாதிரி பார்த்துப் பேசலாமே என்று டீச்சருக்குத் தோன்றியது. அக்கறைதான், வேறொன்றும் இல்லை. அக்கறை வந்துவிட்டால் மனிதர்களுக்குக் கண் தெரியாமல் போய்விடுகிறது, டீச்சர் மட்டும் என்ன விதிவிலக்கா.

ஒருநாள் டீயை ஊற்றிக் கொடுத்துக்கொண்டே ஆரம்பித்தார். "அடுத்த வாரம் அந்தப் பாடத்தைத் தொடங்கறேன்மா."

"தெரியும் டீச்சர். எல்லாரும் என்னையே பாக்கப்போறாங்க."

"அதுக்குத்தான் சொல்றேன். உனக்குக் கஷ்டமா இருந்தா அந்த நேரம் நூலகத்துல உக்காந்துக்கோ. அப்புறமா நான் தனியா சொல்லித் தரேன்."

"எனக்கென்ன டீச்சர் கஷ்டம்?"

"இல்லம்மா, உங்க வீட்ல என்ன நடந்ததுன்னு தெரிஞ்சா நான் பாத்துப் பேசுவேன். உங்க ஆளுங்க எந்தப் பக்கம்னு..."

அவள் டீயை ஊதுவதை நிறுத்தினாள். "எந்தப் பக்கம்னா?"

"அம்மா ஒண்ணும் சொன்னதில்லையா?"

"அங்க பெரிய சண்டை வந்துது, நிறைய பேர் செத்துட்டாங்கன்னு சொல்வாங்க. அதுக்கு மேல கேட்டா எழுந்து போயிடுவாங்க. அதுல நாங்க ஒரு பக்கமா?"

அந்த இடத்திலாவது டீச்சர் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அவள் முகம் மாறியதைப் பார்த்தவுடன் பதறிப்போய், எதையாவது சொல்லிச் சமாளிக்க வேண்டுமே என்று சொன்னார்: "ஒண்ணுமில்லம்மா. தெரியலைன்னா பரவாயில்ல. வீட்ல கேட்டுட்டு வா."

அவள் தலையாட்டிவிட்டுப் பேருந்துக்குப் போனாள். பாதி டீ மூடியிலேயே ஆறிக் கிடந்தது.

மறுநாள் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாள் வந்தாள், ஆனால் சரித்திர வகுப்பு நேரத்தில் நூலகத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலம் ஆசிரியர் அறைப் பக்கமே தலைகாட்டவில்லை. சரி, நாமே போகச் சொன்னதுதானே என்று டீச்சர் மனதைத் தேற்றிக்கொண்டார். பாடம் தொடங்குகிற நாளும் வந்தது. வழக்கம் போலப் புத்தகத்தை மூடச் சொன்னார். ஒரு வகுப்பு என்றார். டீச்சர் உள்ளே வந்தார் என்றார். எழுந்திருங்க, உட்காருங்க என்றார். சின்னப் பிள்ளைகள் முழிக்கிறார்கள் என்றார். "அதுங்ககிட்ட அந்த டீச்சர் என்ன சொல்வாங்க தெரியுமா?" என்று கேட்டவர், அடுத்த வார்த்தையை எடுக்க முடியாமல் நின்றுவிட்டார். ஜன்னலோரத்து இடம் காலியாக இருந்தது.  முன்வரிசைப் பையன் ஒருவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். வாங்கிக் குடித்துவிட்டு, "மீதிப் பக்கத்தை நீங்களே படிங்க" என்று சொல்லி உட்கார்ந்தார். அந்தப் பாடத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

அன்று மதியம் கணக்கு வாத்தியார் தயங்கித் தயங்கி வந்தார். "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பொண்ணு சரித்திரத்தை விட்டுட்டுப் புவியியலுக்கு மாத்திக்கறேன்னு கேக்கறா. ஏன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்குது. அம்மாவுக்குப் போன் பண்ணேன். அவங்க வீட்லயும் பேசறதில்லையாம். ஒரு வார்த்தை இல்லையாம்."

"யாரோட?"

"அம்மாவோடதான். ரெண்டே பேர் இருக்கற வீடு. வேற யாரோட பேசுவா?"

டீச்சர், ஒருத்தர் இருந்தும் பேச்சில்லாத வீடு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தார். தம் வீட்டை விட மோசமாக இருக்கும் என்று தோன்றியது. அங்கே பாலிடம் கூடப் பேச முடியாது, இன்னொருத்தர் காதில் விழும்.

பள்ளி விட்டதும் நேரே சலவைக்கூடத்துக்குப் போனார். பெரிய விடுதிகளின் துணியை வெளுத்துக் கொடுக்கிற இடம். உள்ளே நுழைந்ததும் மூக்கில் சோப்பும் ஆவியும் ஏறியது. துணியைத் தேய்க்கிற உருளை இயந்திரம் ஒரு பக்கம் சூடாகப் படுக்கை விரிப்புகளைத் துப்பிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் அம்மா ஒற்றை ஆளாக மடித்துக்கொண்டிருந்தார். விரிப்பின் ஒரு முனையை மேஜை விளிம்பில் கிளிப் போட்டு நிறுத்திவிட்டு, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவார். இரண்டு பேர் செய்கிற வேலை, கூட்டாளி அன்று விடுப்பு போலிருக்கிறது.

"நான் சரித்திர டீச்சர்" என்றார் இவர்.

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். கோபமும் இல்லை, வரவேற்பும் இல்லை. "நின்னு பேச நேரமில்ல டீச்சர். அந்த முனையைப் பிடிங்க" என்றார்.

டீச்சர் கிளிப்பை எடுத்துவிட்டு முனைகளைப் பிடித்தார். துணி கையைச் சுட்டது. இருவரும் எதிரெதிரே நின்று இழுத்து, மடித்து, கிட்டே வந்து, மறுபடி விலகினார்கள். கிட்டே வரும்போது மட்டும் அந்த அம்மா பேசினார், இயந்திரச் சத்தத்தில் தள்ளி நின்றால் கேட்காது.

"பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தேன். பின்னாடி வந்து நின்னா. 'அம்மா, நாம கொன்னவங்களா, செத்தவங்களா?'ன்னு கேட்டா. இத்தனை வருஷமா எந்தக் கேள்விக்குப் பயந்து ஊர் விட்டு ஊர் வந்தேனோ, அதை என் சமையல்கட்டுலயே கேட்டா."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மூலையைச் சரியாப் பிடிங்க, தரையில படுது. சொல்ல மாட்டேன்னேன். அன்னிலேருந்து பேச்சு இல்ல. எதைச் சொன்னாலும் கெடுதல்தான் டீச்சர். செத்தவங்கன்னு சொன்னா, யாரையோ வெறுக்கக் கத்துக்கணும். கொன்னவங்கன்னு சொன்னா, என்னையே வெறுப்பா. ஒண்ணுமே தெரியாம ஒருத்தி வளரட்டும்னு நெனச்சேன். என் பொண்ணுன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்னு நெனச்சேன்."

இன்னொரு விரிப்பை எடுத்து உதறினார். "அங்க பள்ளிக்கூடத்துல படிக்கும்போது எனக்கு ஒன்பது வயசு. எங்க டீச்சருக்கு என்னை ரொம்பப் பிடிக்கும், பென்சில் சீவிக் குடுப்பாங்க. எழுந்திருன்னாங்க. எதுக்கு எழுந்திருக்கறதுன்னு தெரியல. என் சிநேகிதி எழுந்தா, நானும் கூடவே எழுந்தேன். எல்லாம் சிரிச்சுதுங்க. வீட்ல கேட்டுட்டு வாம்மான்னு டீச்சர் சொன்னாங்க. நல்லபடியாத்தான் சொன்னாங்க, திட்டல. போய்க் கேட்டேன். அப்பா சொன்னாரு. மறுநாளைக்கு அவ பக்கத்துல உக்கார எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு."

அந்தச் சிநேகிதி என்ன ஆனாள் என்று டீச்சர் கேட்கவில்லை. இருபது வருஷம் இந்தப் பாடத்தைப் படித்தவருக்கு, கேட்காமல் இருக்க அன்றைக்குத்தான் தெரிந்தது.

"என்னை மன்னிச்சிருங்க" என்றார்.

"மன்னிச்சு நான் என்ன பண்ணப்போறேன்? எனக்கு அவ பேசணும். திட்டினாக் கூடப் போதும். இவ்வளவு வருஷமா இதைச் சொல்லித்தரீங்களே, இதுக்கு ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க."

டீச்சர் அடுத்த விரிப்பின் முனையைப் பிடித்தார். அந்தக் கட்டு விரிப்பு முடியும்வரை மடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். கை இரண்டும் சிவந்து எரிந்தது.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு அனுப்ப அவருக்குத் துணிவு வரவில்லை. கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டுத்தானே இவ்வளவும் வந்தது. சில நாள் அப்படியே போயிற்று. ஒரு சாயங்காலம், ஆசிரியர்கள் எல்லாரும் கிளம்பிய பிறகு, அவளே வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"அம்மாவைப் பாக்கப் போனீங்களாமே. அம்மா சொன்னாங்க. நான் பதில் பேசல."

"போனேன்மா."

"உங்ககிட்ட சொன்னாங்களா? நாங்க யாருன்னு?"

"இல்ல. நானும் கேக்கல."

"அப்போ நீங்களே சொல்லுங்க டீச்சர். நீங்க எவ்வளவு படிச்சிருக்கீங்க. என்னைப் பாத்தா தெரியுதா?"

டீச்சருக்கு இதற்குப் பதில் மனப்பாடம். "பாத்துச் சொல்ல முடியாதும்மா. வெள்ளைக்காரங்க மூக்கை அளந்து, உயரத்தை அளந்து எழுதி வெச்சாங்க, அது எல்லாம் பொய். அந்த ஊர்க்காரங்களே ஏமாந்து போயிருக்காங்க. பாத்து முடிவு பண்ணி..."

"அது பரீட்சைக்கு டீச்சர்" என்றாள். "நீங்க என்னை அப்படிப் பாத்தீங்களா?"

ஒரே ஒரு 'இல்லை' சொன்னால் போதும். அவள் உள்ளே வந்து உட்காருவாள், ஃபிளாஸ்க் மூடியில் டீ ஊற்றலாம், ஊதி ஊதிக் குடிப்பாள். சொல்ல வாயெடுத்தார் டீச்சர். அப்போதுதான் தமக்கே அது தெரிந்தது. அதுவரை அதை அவர் தமக்குக் கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

"பாத்தேன்" என்றார். "முதல் நாள் கணக்கு சார் உன்னை வகுப்புக்குக் கூட்டிட்டு வந்து நிறுத்தினாரே, அப்பவே பாத்தேன். பாத்த உடனே மனசுல ஒண்ணு நெனச்சுட்டேன். பொய்யுன்னு வருஷா வருஷம் பாடம் எடுக்கறவ நான். ஆனாலும் பாத்தேன்."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "என்ன நெனச்சீங்க?"

"அதைச் சொல்ல மாட்டேன்."

"அம்மா மாதிரியே பேசறீங்க."

"இல்லம்மா. நான் சொல்லாதது வெக்கத்தால. அம்மா சொல்லாதது வேற." டீச்சர் மேஜைப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அம்மா அங்க பொறந்தவங்க. யாரைப் பாத்தாலும் இவங்க யாருன்னு மனசு கேக்காம இருக்காது அவங்களுக்கு. எனக்கே கேக்குதே, அவங்களுக்குக் கேக்காதா? உன் ஒருத்தியைத்தான் அப்படிப் பாக்காம வளத்திருக்காங்க. வாயால சொல்லிட்டா, அப்புறம் உன்னையும் அந்தக் கண்ணாலதான் பாக்கணும். உன்னை அப்படிப் பாக்காத ஆளு இந்த ஊர்ல ஒருத்தர்தான் இருக்காங்க. அவங்களோட போய்ப் பேசாம இருக்கியே."

அவள் அழுதாளா என்று டீச்சருக்குத் தெரியவில்லை, அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குரல்தான் வந்தது.

"நான் புவியியலுக்கே போறேன் டீச்சர். கோபமெல்லாம் இல்ல. உங்க முன்னாடி உக்காந்தா இனிமே எனக்கு அதுதான் தோணும்."

"சரிம்மா" என்றார் டீச்சர்.

அந்த வருஷம் பாடத்தை அவர் முடித்தார், மூன்று வாரத்தை ஐந்தாகவும் ஆக்கினார். அந்தப் பள்ளிக்கூடத்துக் கதையோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார். பாடம் எடுக்கிறவள் ஒருத்தி, எல்லாம் தெரிந்தவள், ஒரு பிள்ளையிடம் நல்ல மனதோடு அதே வார்த்தையைச் சொன்னாள் என்பார். அது யார் என்று பிள்ளைகள் கேட்டால் நான்தான் என்பார். அந்த இடத்தில் இப்போது யாரும் சிரிப்பதில்லை. கணக்கு வாத்தியாரும் ஏனோ 'ஆப்பிரிக்கா டீச்சர்' என்று சொல்வதை விட்டுவிட்டார். தங்கை போனில், "அந்தப் பொண்ணு எப்படிக்கா இருக்கா?" என்று கேட்டாள். "நல்லா இருக்கா" என்று சொல்லிவிட்டு டீச்சர் பேச்சை மாற்றினார்.

ஒரு சனிக்கிழமை காய்கறி வாங்கப் போனவர், கடைத்தெருவில் எதிர்ப்பக்கத்துப் பேருந்து நிறுத்தத்தில் அவர்களைப் பார்த்தார். அம்மாவும் பெண்ணும் பலமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். புதிதாக வாங்கிய செருப்பு பற்றி ஏதோ தகராறு, பெட்டியைத் திறந்து ஒற்றைச் செருப்பை ஆட்டி ஆட்டி அந்தப் பெண் வாதாடினாள். அம்மா தம் நாட்டுப் பாஷையில் நன்றாகத் திட்டினார். அவள் இந்த ஊர்ப் பாஷையில் திருப்பிக் கொடுத்தாள். பக்கத்தில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். டீச்சருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் நீர் வந்துவிட்டது. சாலையைக் கடந்து போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வரலாம் என்று கால் பரபரத்தது. கடக்கவில்லை. தாம் போய் நின்றால் அந்தப் பெண் பேச்சை நிறுத்திவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். பையைக் கை மாற்றிக்கொண்டு கடை ஓரமாக ஒதுங்கி, பேருந்து வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போகும்வரை நின்றுகொண்டிருந்தார்.